மெனு வரியும் சின்னமும் பொதிக்குள்ளேயே இருக்கட்டும்

லினக்ஸுக்கு ஒரு மென்பொருளைப் பொதியாக, அதாவது ஒரே கட்டாக நிறுவத்தக்க தொகுப்பாகக் கட்டுகிறவருக்கு, கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் அதன் பெயரைத் தட்டியதும் சாளரம் திறந்துவிட்டால் வேலை முடிந்ததாகவே தோன்றும். ஆனால் அந்த மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தப் போகிறவர் முனையத்தின் பக்கமே போகாதவராக இருக்கலாம். திரையின் மூலையில் உள்ள மெனுவை அழுத்தி, அங்கே பெயரும் சின்னமும் தென்பட்டால்தான் அப்படி ஒரு மென்பொருள் கணினியில் இருப்பதையே அவர் அறிவார். தென்படாவிட்டால், நிறுவியும் அவருக்கு அது இல்லாததுதான். ஆகவே மெனு வரியையும் சின்னத்தையும் பொதியின் உறுப்புகளாகவே நான் கருதுகிறேன். அவற்றை ஒவ்வொரு கணினியிலும் பிறகு கையால் ஒட்ட வைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வசிப்பது பேராக் மாநிலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில். ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் பல தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டன. எங்கள் கோயிலின் உபயக் கணக்கை எழுதி வருபவர், தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பெரட்டுக் கணக்கும் (தொழிலாளர் வருகைப் பதிவும்) சம்பளக் கணக்கும் எழுதிப் பழகிய அந்தக் கைக்கு உதவியாக, திருவிழா உபயங்களைப் பதிந்து ரசீது அச்சிடும் சிறு செயலி ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். கோயில் அலுவலகம், மண்டபம், பொருளாளர் வீடு ஆகிய இடங்களில் உள்ள பழைய கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் வகையும், மெனுவையும் சாளரங்களையும் காட்டும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளமும் ஓடுகின்றன. செயலியைப் பற்றிச் சொன்னபோது கிராணி ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, எங்க அழுத்தணும்னு மட்டும் காட்டுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்." மெனுவுக்கான வேலை முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

அவர் அழுத்த வேண்டிய இடத்தை உண்டாக்குவது டெஸ்க்டாப் கோப்பு எனப்படும் ஒரு சிறிய உரைக் கோப்பு. முன்பு ஒவ்வொரு மேசைத்தளமும் தனக்கென ஒரு மெனு முறையை வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டில் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சியின் வழியாகப் பொது விதிமுறைகள் உருவாயின. இன்று க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி ஆகிய எல்லாமே ஒரே டெஸ்க்டாப் கோப்பைப் படிக்கின்றன. பொதி நிறுவும் கோப்பு யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்னும் இடத்தில் அமர வேண்டும். இங்கே நான் தமிழ் எழுத்தில் தரும் வரிப் பெயர்களையும் கோப்புறைப் பெயர்களையும் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோப்பின் தலைப்பாக, சதுர அடைப்புக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி என்ற சொற்கள் வரும். அதன் கீழே டைப் வரியில் அப்ளிகேஷன் என்றும், நேம் வரியில் மெனுவில் தெரிய வேண்டிய பெயரும், எக்ஸெக் வரியில் இயக்க வேண்டிய கட்டளையும், ஐகான் வரியில் சின்னத்தின் பெயரும், கேட்டகரீஸ் வரியில் மெனுவின் எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதும் இருக்கும். காமென்ட் வரி சுட்டியை நிறுத்தும்போது தெரியும் விளக்கத்துக்கு உரியது. என் செயலிக்கு ஆஃபிஸ் என்ற முதன்மைப் பிரிவையும் ஃபைனான்ஸ் என்ற கூடுதல் பிரிவையும் கொடுத்தேன். பிரிவுப் பெயர்களை நம் விருப்பத்துக்குப் புனைந்துவிட முடியாது. விதிமுறையில் பதிவான பெயர்களில் ஒன்றாக இருக்க வேண்டும். முதன்மைப் பிரிவு எதுவும் இல்லாவிட்டால் செயலி "மற்றவை" என்ற மூலைக்குள் போய் விழுந்துவிடும். அங்கே யாரும் தேடுவதில்லை.

இவற்றுள் எக்ஸெக் வரிக்கு மிகுந்த கவனம் வேண்டும். முனையத்தில் நன்றாக ஓடும் செயலி மெனுவிலிருந்து அழுத்தும்போது அசையாமல் இருப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் இந்த வரியைச் சுற்றியே இருக்கின்றன. இந்த வரியை இயக்குவது, முனையத்தில் நம் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அன்று. ஆகவே இல்லக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியோ ஹோம் என்ற மாறியோ அங்கே விரிவடையாது. பேஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பில் நாம் எழுதி வைத்திருக்கும் பாதைகளும் மாறிகளும் மெனுவிலிருந்து தொடங்கும் செயலிக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. மேலும், முனையத்தில் நாம் செயலியின் கோப்புறைக்குள் நின்றுகொண்டு அதை இயக்குகிறோம். மெனுவிலிருந்து இயக்கும்போது அது வழக்கமாகப் பயனரின் இல்லக் கோப்புறையில் தொடங்குகிறது. "பக்கத்தில் இருக்கும் தரவுக் கோப்பைத் திற" என்ற எண்ணத்தில் எழுதிய பைத்தான் நிரல் அங்கேதான் தடுக்கி விழும். பாத் என்ற வரியால் தொடக்கக் கோப்புறையைக் குறிப்பிட முடியும் என்றாலும், நிரலே தன் தரவு எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருப்பதே முறை. இயக்கக் கோப்பை யூஎஸ்ஆர் கோப்புறையின் பின் உட்கோப்புறையில் வைத்தால் எக்ஸெக் வரியில் கட்டளைப் பெயர் மட்டும் போதும். அதனுடன் ட்ரைஎக்ஸெக் வரியிலும் அதே பெயரைக் கொடுத்தால், அந்தக் கட்டளை கணினியில் இல்லாதபோது மெனு வரியும் மறைந்துவிடும்.

மெனுவிலிருந்து இயக்கும்போது பிழைச் செய்தி திரையில் வராது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சாளரம் திறக்கவில்லை என்றால், இல்லக் கோப்புறையில் உள்ள எக்ஸ்செஷன் எரர்ஸ் என்ற பிழைப் பதிவுக் கோப்பையோ, கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வெளியீட்டையோ பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும்.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி மொழி. டெஸ்க்டாப் கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதப்படுகிறது. ஒரே கோப்பில் பல மொழிப் பெயர்கள் அருகருகே இருக்க இடமுண்டு. நேம் என்ற சொல்லுக்குப் பின் சதுர அடைப்புக்குள் மொழிக் குறியீட்டை இட்டு, சமக்குறிக்குப் பின் அந்த மொழியில் பெயரை எழுதினால் போதும். தமிழுக்கான குறியீடு டிஏ என்ற இரண்டு எழுத்துகள், மலாய்க்கு எம்எஸ். காமென்ட், ஜெனரிக்நேம், கீவேர்ட்ஸ் ஆகிய வரிகளுக்கும் இதே வசதி உண்டு. தமிழ்க் குறியீட்டோடு நாட்டுக் குறியீட்டைச் சேர்க்காமல் விடுவது நல்லது என்று வற்புறுத்திச் சொல்வேன். லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியில் இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று எனத் தமிழ் இடவமைவுகள் (மொழியும் நாடும் சார்ந்த அமைப்புகள்) உள்ளன. வெறும் டிஏ என்று எழுதிய பெயர் இரண்டுக்கும் பொருந்தும். இந்தியக் குறியீட்டைச் சேர்த்து எழுதிய பெயரோ, இலங்கை இடவமைவை வைத்திருப்பவருக்குத் தெரியாது. அவருக்கு ஆங்கிலப் பெயரே வந்து நிற்கும்.

மலேசியாவில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. மெனு எந்த மொழிப் பெயரைக் காட்ட வேண்டும் என்பதை எல்சி மெசேஜஸ் என்ற அமைப்பே தீர்மானிக்கிறது. நாணயம், தேதி, தாள் அளவு ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஆகவே செய்திகளுக்குத் தமிழையும் நாணயத்துக்கு மலேசிய இடவமைவையும் ஒரே பயனர் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மெனு தமிழில் வரும், தொகை ரிங்கிட்டில் நிற்கும். எங்கள் கோயில் அலுவலகக் கணினியில் கிராணி ஐயாவின் பயனர் கணக்கு அப்படித்தான் உள்ளது. அதே கணினியில் தன் கணக்கில் நுழையும் செயலாளர் ஆங்கிலத்தில் வேலை செய்து பழகியவர். அவருக்கு ஆங்கிலப் பெயர் தெரிகிறது. ஒரே பொதி, ஒரே டெஸ்க்டாப் கோப்பு. அவரவர் மொழியில் அவரவருக்கு மெனு. இதைக் கையால் ஒட்ட வைப்பதென்றால் பயனருக்குப் பயனர், கணினிக்குக் கணினி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கீவேர்ட்ஸ் வரியைப் பலரும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அது வருந்தத்தக்கது. மெனுவில் தட்டித் தேடுகிறவர் நாம் சூட்டிய பெயரை அறிந்திருக்க மாட்டார். உபயம், ரசீது, கணக்கு, நன்கொடை, திருவிழா என்று அவர் மனத்தில் எழும் சொற்களையெல்லாம் தமிழ் கீவேர்ட்ஸ் வரியிலும், ரெசிட், டெர்மா போன்றவற்றை மலாய் வரியிலும் கொடுத்தால், தேடியவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் இந்த உழைப்பெல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பதால், லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை என் பொதியின் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். மென்பொருளை நிறுவும்போது எழுத்துருவும் உடன் வந்துவிடுகிறது.

சின்னத்துக்கு வருகிறேன். ஐகான் வரியில் கோப்பின் முழுப் பாதையை எழுதலாம் என்றாலும், பெயரை மட்டும், பிஎன்ஜி (புள்ளிப் படம்), எஸ்விஜி (எந்த அளவுக்கும் விரியும் கோட்டுப் படம்) போன்ற பின்னொட்டு இல்லாமல் எழுதுவதே பொருத்தம். அப்போதுதான் மேசைத்தளம் தனக்கு வேண்டிய அளவையும் பயனர் தேர்ந்தெடுத்த சின்னத் தொகுதியையும் கருத்தில் கொண்டு உரிய கோப்பைத் தேடி எடுக்கும். பயனரின் தொகுதியில் கிடைக்காவிட்டால் ஹைகலர் என்ற அடிப்படைத் தொகுதியில் தேடும். ஆகவே பொதியின் சின்னங்கள் யூஎஸ்ஆர், ஷேர், ஐகான்ஸ் வழியாக ஹைகலர் கோப்புறைக்குள், அளவின் பெயர் கொண்ட உட்கோப்புறையில், ஆப்ஸ் என்னும் இடத்தில் போய்ச் சேர வேண்டும். குறைந்தது 48 படப்புள்ளி அகலமும் 48 உயரமும் கொண்ட பிஎன்ஜி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதிமுறையின் அறிவுரை. எஸ்விஜி கோப்பு இருந்தால் அது ஸ்கேலபிள் என்ற உட்கோப்புறைக்கு உரியது.

கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் முதலில் விழும் எழுத்து பிள்ளையார் சுழி. என் செயலிக்கு இட்ட உபயம் என்ற பெயரின் முதலெழுத்தும் அதே "உ" என்பதால், வேறு படம் எதையும் தேடாமல் அந்த ஓர் எழுத்தையே சின்னமாக்கினேன். ஒற்றை வளைவும் ஒரு கோடும் கொண்ட அந்த வடிவம் 16 படப்புள்ளி அளவிலும் கலங்காமல் தெரிகிறது. விளக்கு, ரசீதுப் புத்தகம், கோபுரம் என்று வரைந்திருந்தால் பணிப்பட்டையில் அது ஒரு கறையாகத்தான் தெரிந்திருக்கும். எழுத்தைச் சின்னமாக்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுத்தை உரையாகவே விட்டு எஸ்விஜியாகச் சேமித்தால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் அது வேறு வடிவில் தோன்றும், அல்லது கட்டமாகிவிடும். உரையைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சேமித்தால் எழுத்து வெறும் வளைகோடாகிவிடும்; அதன் பிறகு எந்தக் கணினியிலும் மாறாது. சிறிய அளவுகளுக்கு எஸ்விஜியை அப்படியே சுருக்கி விடாமல், 16, 24 அளவுகளுக்குக் கோட்டைச் சற்றுத் தடித்து வரைந்து தனி பிஎன்ஜிகளாக வைப்பது கண்ணுக்கு நல்லது. வயதானவர்கள் பயன்படுத்தும் கணினிகளில் இந்தச் சிறு உழைப்புக்குப் பலன் உண்டு.

இவற்றைப் பொதிக்குள் வைப்பது டெபியனில் மிக எளிது. மூல நிரலோடு இருக்கும் டெபியன் கோப்புறையில் இன்ஸ்டால் என்ற கோப்பு ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு வரியிலும் எதை எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் எழுதினால் டிஹெச் இன்ஸ்டால் என்ற கருவி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கருவி கோப்புகளை இடம் மாற்றி வைக்குமே தவிரப் பெயர் மாற்றாது. ஒவ்வொரு அளவின் சின்னமும் ஒரே பெயரில் இருக்க வேண்டியிருப்பதால், மூல நிரலிலேயே ஹைகலர் கோப்புறையின் அமைப்பை அப்படியே வரைந்து வைத்துக்கொண்டால் ஒரே வரியில் முழு மரத்தையும் நகர்த்திவிடலாம். மெனுவின் தரவுத்தளத்தையும் சின்னங்களின் கேஷையும் (விரைந்து எடுக்க வைத்திருக்கும் தொகுப்பையும்) புதுப்பிப்பதற்கான நிரல்களைப் பொதியில் தனியே எழுதத் தேவையில்லை. உரிய கோப்புறைகளில் ஏதாவது வந்து விழுந்தால் டெபியனில் பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் தூண்டல் ஏற்பாடு தானாகவே அந்த வேலையைச் செய்கிறது.

பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் டெபியனுக்கே உரிய இன்னொரு மெனு கோப்பையும், 32 படப்புள்ளிக்கு மிகாத எக்ஸ்பிஎம் சின்னத்தையும் பற்றிய குறிப்புகளைக் காணக்கூடும். டெஸ்க்டாப் கோப்பு உள்ள பொதிகள் அந்தப் பழைய மெனு கோப்பைத் தரக் கூடாது என்று 2015இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு முடிவு செய்துவிட்டது. எனவே அதில் நேரம் செலவிட வேண்டாம். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வகைக்கு ஆர்பிஎம் பொதி கட்டுகிறவர்கள் டெஸ்க்டாப் ஃபைல் யூடில்ஸ் பொதியைக் கட்டுமானத் தேவையாகச் சேர்த்து, பொதி கட்டும் முறையை விவரிக்கும் ஸ்பெக் கோப்பிலேயே டெஸ்க்டாப் கோப்பை நிறுவவோ சரிபார்க்கவோ செய்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் ஒன்றே.

டெஸ்க்டாப் ஃபைல் யூடில்ஸ் பொதியில் உள்ள டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட் என்ற கருவியை ஒவ்வொரு முறை கோப்பை மாற்றும்போதும் இயக்கிப் பார்ப்பது என் வழக்கம். கேட்டகரீஸ் பட்டியலின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தாலும், பதிவாகாத பிரிவுப் பெயர் இருந்தாலும், சின்னத்தின் பெயரோடு பின்னொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது சுட்டிக்காட்டும். எக்ஸெக் வரியில் உள்ள கட்டளை பொதிக்குள் இல்லை என்றால், டெபியன் பொதிகளைச் சரிபார்க்கும் லின்டியன் கருவி எச்சரிக்கும்.

மெனுவில் சரியான சின்னம் தெரிந்தும், செயலி திறந்த பிறகு பணிப்பட்டையில் வேறொரு பொதுச் சின்னம் தோன்றுவது பலரையும் குழப்புகிறது. திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11இல் ஒவ்வொரு சாளரமும் டபிள்யூஎம் கிளாஸ் என்ற அடையாளத்தை ஏந்தி வருகிறது. அதை எக்ஸ்ப்ராப் கட்டளையால் பார்க்கலாம். அந்த அடையாளத்தை ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ் வரியில் எழுதினால் எந்தச் சாளரம் எந்த மெனு வரிக்கு உரியது என்பது மேசைத்தளத்துக்கு விளங்கிவிடும். பைத்தானின் சாளர நூலகமான டீகே இண்டரில் எழுதியவர்கள் முதன்மைச் சாளரத்தை உருவாக்கும்போதே கிளாஸ் பெயரைக் கொடுத்துவிடலாம். எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலாண்டில் செயலி அறிவிக்கும் ஆப் ஐடியும் டெஸ்க்டாப் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கையால் ஒட்ட வைப்பதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயனரின் இல்லக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் ஒரு டெஸ்க்டாப் கோப்பை வைத்தால், அதே பெயரில் பொதி நிறுவிய கோப்பை அது மறைத்துவிடும். அதன் பிறகு பொதியின் புதிய பதிப்பில் பெயரைத் திருத்தினாலும், தேடல் சொற்களைச் சேர்த்தாலும் அந்தப் பயனருக்கு மட்டும் பழையதே தெரியும். செயலியை நீக்கினாலும் அந்த வரி மெனுவில் உயிரற்றுக் கிடக்கும். பொதிக்குள் இருக்கும் கோப்போ செயலியோடு வருகிறது, செயலியோடு மாறுகிறது, செயலியோடு நீங்குகிறது. ஆகவே புதிதாகக் கட்டிய பொதியைச் சோதிப்பவர்கள், ஏற்கெனவே கைவைத்த கணக்கில் பார்க்காமல், புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, நிறுவி, மெனுவிலிருந்து திறந்து, பின்னர் நீக்கியும் பார்க்க வேண்டும்.

இந்த உபயச் செயலியில் அடுத்ததாகச் செய்ய எண்ணியிருப்பது, ஆண்டுக் கணக்குக் கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறக்கும் வசதி. பொருளாளர் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். கோப்பை அழுத்தினால் செயலி திறக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயமே. இதற்கு மைம்டைப் வரியில் கோப்பு வகையைக் குறிப்பிட்டு, எக்ஸெக் வரியின் இறுதியில் விழுக்காட்டுக் குறியையும் எஃப் என்ற சிறிய எழுத்தையும் சேர்த்தால், அழுத்திய கோப்பின் பாதை கட்டளையோடு போய்ச் சேரும். கோப்பு வகை நம்முடைய சொந்த வகையாக இருப்பதால், அதன் பின்னொட்டை விளக்கும் சிறு எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று யூஎஸ்ஆர், ஷேர், மைம், பேக்கேஜஸ் என்னும் இடத்துக்குச் செல்ல வேண்டும். அந்த எக்ஸ்எம்எல் கோப்பிலும் வகையின் பெயரைத் தமிழில் எழுத இடமிருக்கிறது. இன்ஸ்டால் கோப்பில் அதற்கென இன்னொரு வரியைச் சேர்த்து அடுத்த பதிப்பை வெளியிடுவேன்.